ஸ்ட்ராபெரி மரம்: பின்தோட்டத்துக்கு எந்தக் கன்று?

நவம்பர் மாதத்து லண்டனில் பூவும் பழமும் ஒரே கிளையில் சேர்ந்து தொங்கும் மரம் வேண்டும் என்று தேடினால் கிடைக்கும் பட்டியல் ரொம்பச் சின்னது. அதில் முதலில் வருவது ஸ்ட்ராபெரி மரம். இலை உதிராது. தோட்டங்களில் 25 அடியைத் தாண்டுவது அபூர்வம். சுண்ணாம்பு மண்ணிலும் பிழைத்துக்கொள்ளும். அதனால் இங்கிலாந்தின் தென்பகுதி கார்டன் சென்டர்களில் இதைப் பார்க்காமல் வெளியே வர முடியாது. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் அதே பெயர்ச்சீட்டோடு நான்கைந்து விதக் கன்றுகள் நிற்கும். ஒன்று முழங்கால் உயரத்தில், சின்ன பிளாஸ்டிக் தொட்டியில். இன்னொன்று ஆளுயரத்தில், அடியிலிருந்தே மூன்று நான்கு தண்டுகளோடு, பல மடங்கு விலையில். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் இளஞ்சிவப்புப் பூ. ஒன்று 8 அடியோடு நின்றுவிடும், இன்னொன்று பக்கத்து வீட்டு மாடி ஜன்னலை எட்டிப் பார்க்கும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரிசை வீட்டின் பின்னால் இருக்கும் சாதாரண அளவுத் தோட்டத்துக்கு ‘காம்பாக்டா’ ரகம்தான் சரி, அதுவும் சிறிய கன்றாக. அதைவிடப் பெரிய இடம் இருந்தால், அல்லது பழத்தைவிடப் பட்டையின் அழகு முக்கியம் என்றால், பதில் மாறும். ஏன் என்று பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் தேன்பழம், சர்க்கரைப்பழம் என்றும் இலங்கையில் ஜாம் பழம் என்றும் சொல்லும் மரத்தையும் சிலர் ஸ்ட்ராபெரி மரம் என்று எழுதுவதுண்டு. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த முன்டிங்கியா. நட்டு இரண்டு வருடத்துக்குள் காய்த்துவிடும், வௌவாலும் குருவியும் விதையை ஊரெல்லாம் பரப்பும், உறைபனி பட்டால் செத்துப்போகும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வீடு என்றால் அதுதான் உங்கள் மரம், இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது. இங்கே பேசுவது ஆர்பூட்டஸ் இனத்தைப் பற்றி. ரோடோடென்ட்ரான், ப்ளூபெரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் காடாக வளர்வது. குளிர்காலம் மிதமாக இருக்கும் தென் இங்கிலாந்து, அயர்லாந்து, கலிஃபோர்னியா, மெல்போர்ன் போன்ற இடங்களில் தோட்டத்தில் வைக்கலாம். டொரான்டோவில் நிலத்தில் நடுவது வீண். அங்கே ஆசைப்படுபவர்கள் தொட்டியில் வளர்த்து, குளிர்காலத்தில் உறையாத வெளிச்சமான அறைக்குள் தூக்கி வைக்க வேண்டியிருக்கும்.

பழத்தைப் பற்றி உண்மை

வாங்குபவர்களில் பாதிப் பேர் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். பழம் உருண்டையாக, ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில், மேலெல்லாம் சொரசொரப்பான புள்ளிகளோடு இருக்கும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறி ஆழ்ந்த சிவப்புக்கு வரும். பார்க்க அவ்வளவு அழகு. வாயில் போட்டால் மாவுத்தன்மையும் மெல்லிய இனிப்பும் நறநறக்கும் சின்ன விதைகளும்தான், ஸ்ட்ராபெரியின் புளிப்போ வாசனையோ கிடையாது. மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும்போதே பறித்துச் சாப்பிட்டால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும், அதோடு பலர் அந்த மரத்தையே வெறுத்துவிடுகிறார்கள். தொட்டால் கையோடு வரும் அளவுக்கு மெத்தென்று ஆனபிறகுதான் சுவை. அந்த நிலையில் இரண்டு நாள்கூடத் தாங்காது. கடைகளில் இது விற்பனைக்கு வராததற்கு அதுவே காரணம்.

போர்ச்சுகலில் இதை மெத்ரோன்யு என்கிறார்கள். தெற்கே அல்கார்வ் பகுதியில், மோன்ஷிக் மலைப்பக்கத்து ஊர்களில், பழத்தை ஊறவைத்துப் புளிக்கவிட்டு வடித்து எடுக்கும் சாராயம் பேர்போனது. சார்டீனியாவில் இந்தப் பூவிலிருந்து கிடைக்கும் தேன் கசக்கும், அந்தக் கசப்புக்காகவே விலை அதிகம். மத்ரித் நகரத்தின் சின்னத்தில் ஒரு கரடி இந்த மரத்தின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். அதே காட்சியை அந்த நகரின் புவேர்த்தா தெல் சோல் சதுக்கத்தில் 1967-ல் சிலையாகவும் வைத்தார்கள். அத்தனை பேர் கொண்டாடும் பழம், சரி. ஆனால் அவர்களும் பெரும்பாலும் சாராயமாகவும் ஜாமாகவும்தான் மாற்றுகிறார்கள், கூடை கூடையாக உட்கார்ந்து தின்பதில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு கிண்ணம் பழம் கிடைத்தால், மசித்து, விதையை வடிகட்டி, எலுமிச்சைச் சாறு சேர்த்து ஜாம் கிண்டுவதுதான் நல்ல வழி. பழத்துக்காகவே ஒரு மரம் என்றால் கறுப்பு மல்பெரியோ அத்தியோ வையுங்கள். ஸ்ட்ராபெரி மரத்தை வாங்க வேண்டிய காரணம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நடப்பது.

அப்போதுதான் சென்ற ஆண்டுப் பூவில் பிடித்த காய் பழுக்கும், அதே சமயம் இந்த ஆண்டுப் பூ விரியும். பூத்துப் பழுக்க ஏறக்குறைய பன்னிரண்டு மாதம் ஆவதால் இரண்டும் ஒரே கிளையில் சந்தித்துக்கொள்கின்றன. பூக்கள் தலைகீழாகக் கவிழ்த்த சிறு குடங்கள் போலக் கொத்துக்கொத்தாகத் தொங்கும். வேறெந்தப் பூவும் இல்லாத நேரத்தில் பெரிய வண்டுத்தேனீக்கள் இதைத் தேடி வரும். ஒற்றை மரமே காய்க்கும், துணைக்கு இன்னொன்று வேண்டியதில்லை. ஆனால் பூக்கும் நேரத்தில் தொடர்ந்து மழையும் குளிர்காற்றுமாக இருந்தால் தேனீ வராது, அடுத்த வருடம் பழம் குறையும். இது ஒவ்வொரு வருடமும் மாறும், கன்று மேல் குறை சொல்லிப் பயனில்லை.

எந்த ரகம்?

முதலில் மூல இனம், ஆர்பூட்டஸ் உனேடோ. பெயர்ச்சீட்டில் வேறு அடைமொழி எதுவும் இல்லாமல் அவ்வளவுதான் எழுதியிருந்தால் இது. இங்கிலாந்துத் தோட்டத்தில் இருபது இருபத்தைந்து வருடத்தில் 15 முதல் 25 அடி வரை போகும், கிட்டத்தட்ட அதே அகலத்துக்குப் பரவும். வளர்ச்சி மெதுவானது. ஆண்டுக்கு ஒரு சாண், நல்ல வருடத்தில் சற்று அதிகம். வயதாக ஆகப் பழுப்புச் சிவப்புப் பட்டை உரிந்து, தண்டு முறுக்கிக்கொண்டு, பார்ப்பதற்கு ஒரு கம்பீரம் வரும். கடினத்தன்மையும் இதில்தான் அதிகம்: நிலைத்த மரம் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வரை தாங்கும், கன்று தாங்காது. இதற்கு ராயல் ஹார்ட்டிகல்சரல் சொசைட்டியின் தோட்டத்தகுதி விருதும் உண்டு.

இதில் ஒரு சிக்கல், விதையில் வந்த கன்று ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று சீக்கிரம் காய்க்கும், ஒன்று பல வருடம் இலையாகவே நிற்கும். அதனால் மூல இனத்தை வாங்குவதாக இருந்தால், பூவோ காயோ ஏற்கெனவே இருக்கும் கன்றாகப் பார்த்து எடுங்கள். ‘அட்லாண்டிக்’ என்ற பெயரில் வருவது இளம் வயதிலேயே பூப்பதற்காகத் தேர்ந்தெடுத்து, விதையில் இல்லாமல் தாய்மரத்திலிருந்தே பெருக்கிய கன்று. அளவு மூல இனத்தைப் போலத்தான், ஆனால் காத்திருப்பு குறைவு. 40 அடி நீளத்துக்கு மேல் பின்தோட்டம் இருந்து, ஒரு மூலையை இதற்கே விட்டுக்கொடுக்க முடிந்தால், நான் அட்லாண்டிக்கைத்தான் எடுப்பேன்.

அவ்வளவு இடம் இல்லாதவர்களுக்குக் காம்பாக்டா. பெயருக்கேற்ற அடக்கம்: 6 முதல் 8 அடி, வயதான செடி 10 அடியும் போகலாம். இலையும் பூவும் பழமும் மூல இனத்தைப் போலவே இருக்கும், நெருக்கமாக இருக்கும், சின்ன வயதிலேயே பூக்கத் தொடங்கும். இதை மரம் என்று சொல்வதைவிடப் பெரிய புதர் என்பதே பொருத்தம். வேலியோரத்தில் வைத்தால் பக்கத்து வீட்டுப் பார்வையை மறைக்கும், அதே சமயம் அவர்கள் வெளிச்சத்தைத் தின்னாது. இங்கே அண்டைவீட்டாரோடு சண்டை வருவது பெரும்பாலும் லெய்லாண்டி போன்ற உயரமான பசுமைவேலிகளால்தான். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு என்ன வைப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்தக் காம்பாக்டாவை, ஒன்றுக்கொன்று 5 அடி இடைவெளியில். கூராகக் கத்தரித்த சுவர் மாதிரி வேலி வேண்டும் என்றால் மட்டும் வேண்டாம். அப்படிக் கத்தரித்தால் அந்த வருடப் பூமொட்டு முழுவதும் கத்தரிக்கோலோடு போய்விடும்.

இதன் குறை என்ன? பட்டை. அடிவரை இலை மூடியிருப்பதால் தண்டே தெரியாது. கீழ்க்கிளைகளை நீக்கித் தண்டைக் காட்டலாம் என்றாலும், முழு மரத்தில் வரும் அந்த முறுக்கும் உயரமும் இதில் வராது.

‘எல்ஃபின் கிங்’ இன்னும் சின்னது, 5, 6 அடி. தொட்டிக்கு மிக நல்லது, ரொம்பச் சின்ன வயதிலேயே நிறையக் காய்க்கும். கிடைத்தால் வாங்கலாம், கிடைப்பதுதான் அரிது. ‘ருப்ரா’ இளஞ்சிவப்புப் பூ, மற்றபடி மூல இனம்தான், அதற்கும் அதே விருது உண்டு. என் கண்ணுக்கு வெள்ளைப் பூவும் சிவப்புப் பழமும் கரும்பச்சை இலையும் சேர்ந்த காட்சிதான் அழகு. பூவும் சிவந்துபோனால் அந்த எடுப்பு குறைகிறது. இது ருசி விஷயம், உங்கள் வீட்டுக்காரருக்கு வேறு கருத்து இருக்கலாம்.

‘மரீனா’ வேறு கதை. இது கலப்பினம், பெற்றோர் யார் என்பதில் தோட்டக்கலைக்காரர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. சான் பிரான்சிஸ்கோ நகரின் மரீனா பகுதியின் பெயரைத் தாங்கியது. கலிஃபோர்னியாவின் சாரடோகா தோட்டக்கலை அமைப்பு 1984-ல் வெளியிட்டது. இன்று அந்த மாநிலத்தில் தெருவோர மரமாகவே நடுகிறார்கள். இலை பெரிது, பூ இளஞ்சிவப்பு, பட்டை உரிந்து உள்ளே தெரியும் வழவழப்பான இலவங்க நிறத்தை மழையில் நனைந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் வீடு வைத்திருக்கும் நம்மவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்லும் பதில் மரீனா. அந்த வறண்ட கோடை அதற்கு ஒத்துப்போகிறது, வேர் பிடித்தபின் தண்ணீர்த் தேவையும் குறைவு. 30, 40 அடி வரை போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், மதிலை ஒட்டி நடக் கூடாது. இங்கிலாந்திலும் கிடைக்கிறது. ஆனால் குளிர் தாங்குவதில் மூல இனத்துக்கு ஒரு படி கீழே. தேம்ஸுக்குத் தெற்கே, சுவரால் காற்று மறைக்கப்பட்ட இடத்தில் வைக்கலாம். பர்மிங்ஹாமுக்கு வடக்கே என்றால் நான் ஒதுங்கிக்கொள்வேன்.

இங்கிலாந்தில் பட்டைக்காக ஒரு மரம் என்றால் மரீனாவைவிட ஆண்ட்ரக்னாய்ட்ஸ் கலப்பினம் மேல். உனேடோவும் கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து ஆண்ட்ரக்னே இனமும் கிரீஸில் இயற்கையாகவே கலந்து உருவானது. சிவந்த பட்டை, கிளையெல்லாம் தெரியும் திறந்த வடிவம், சுண்ணாம்பு மண்ணையும் பொறுத்துக்கொள்ளும் குணம். பழத்தை மட்டும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பட்டை வேண்டுமா, பழம் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டாலே இந்த இரண்டுக்கும் காம்பாக்டாவுக்கும் இடையில் முடிவு வந்துவிடும்.

கனடாவின் மேற்குக்கரையில், வான்கூவர் தீவிலும் சுற்றுத் தீவுகளிலும், பாறைமேல் சாய்ந்து நிற்கும் செந்நிற மரங்களைப் பார்த்து மயங்கியவர்கள் மென்சீசி இனத்தைக் கேட்பார்கள். அங்கே ஆர்பூட்டஸ் என்றாலே அதுதான், அமெரிக்கப் பக்கத்தில் மட்ரோன் என்பார்கள். கனடாவின் மண்ணுக்கே உரிய, இலை உதிராத ஒரே அகலிலை மரம் அது. ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கு மகா பிடிவாதம். வேரைத் தொட்டால் பிடிக்காது, கோடையில் தண்ணீர் விட்டால் வேர் அழுகும், சுண்ணாம்பு ஆகாது, இடம் மாற்றினால் செத்துப்போகும். உங்கள் மனையில் ஏற்கெனவே நின்றால் கும்பிட்டுவிட்டு அப்படியே விடுங்கள், அதன் அடியில் புல்தரை போட்டுத் தண்ணீர் பாய்ச்சாதீர்கள். புதிதாக நடுவதற்கு மற்றவைதான்.

பெரிய கன்றா, சின்னக் கன்றா?

ரகத்தைவிட இதில்தான் பணம் வீணாகிறது. வீடு வாங்கியதும் தோட்டம் உடனே நிறைந்து தெரிய வேண்டும் என்ற அவசரத்தில், பல நூறு பவுண்டு கொடுத்துப் பல தண்டு உள்ள பெரிய மரத்தை இறக்குகிறார்கள். இந்தப் பெரிய மரங்களில் பல இத்தாலி போன்ற வெப்ப நாட்டு நர்சரிகளில், சொட்டுநீர்க் குழாயின் கீழ், லேசான உரக்கலவையில் வளர்ந்தவை. அப்படியே கொண்டுவந்து லண்டன் களிமண்ணில் இறக்கினால் இரண்டு விதமான தொல்லை. கோடையில் அந்த லேசான வேர்க்கட்டு சுற்றியுள்ள களிமண்ணுக்கு முன்பே காய்ந்துவிடும். மேலே ஈரம் தெரியும், உள்ளே வறட்சி. குளிர்காலத்தில் தலைகீழ்: சுற்றுக் களிமண்ணிலிருந்து தண்ணீர் குழிக்குள் இறங்கி, வெளியே போக வழியின்றித் தேங்கும். வேர் அழுகல் பூஞ்சைக்கு அதைவிட விருந்து வேண்டுமா? இரண்டு கோடை விடாமல் தண்ணீர் ஊற்றிக் கவனிக்க முடிந்தால் பெரிய மரமும் நிலைக்கும். ஆகஸ்டில் மூன்று வாரம் ஊருக்குப் போகும் குடும்பம் என்றால் யோசியுங்கள்.

3 முதல் 5 லிட்டர் தொட்டியில் இருக்கும் சின்னக் கன்று சீக்கிரம் வேரைச் சுற்று மண்ணுக்குள் விடும். ஆர்பூட்டஸுக்கு வேரைக் கலைப்பது பிடிக்காது என்பதால் எவ்வளவு சின்ன வயதில் நிரந்தர இடத்துக்குப் போகிறதோ அவ்வளவு நல்லது. உயரத்தில் பெரிய கன்று முந்தி நிற்பது உண்மைதான். அந்த முந்துதல் வருடம் போகப்போகக் குறையும். பெரிய கன்று அதிர்ச்சியில் நின்றுகொண்டிருக்கும்போது சின்னது வளர்ந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு இடத்தில் நான் பெரியதை ஏற்பேன்: முன்வாசலில், தொட்டியிலேயே, அலங்காரத்துக்காக நிற்கப் போகும் மரம். அங்கே களிமண் பிரச்சினையே இல்லை.

விதையிலிருந்து வளர்க்கலாமா என்றும் கேட்பார்கள். முடியும். பழச்சதையைக் கழுவி எடுத்த விதையை ஈரமணலில் கலந்து ஒன்றிரண்டு மாதம் குளிர்ப்பெட்டியில் வைத்தபின் விதைத்தால் முளைக்கும். நாற்றழுகல் நோய் பாதியைக் கொண்டுபோகும், மீதி காய்க்கப் பல வருடம் ஆகும், வரும் ரகமும் எதுவென்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் செய்யலாம். கோடைக் கடைசியில் அரைமுற்றல் குச்சியை வெட்டி வேர்ஊக்கி தோய்த்து நடலாம், வேர் பிடிப்பது மிகவும் மந்தம். தாழ்ந்த கிளை இருந்தால் பதியன் போடுவது இதைவிட நிச்சயமான வழி.

இடமும் குழியும்

அயர்லாந்தின் கில்லார்னி ஏரிக்கரையைப் பார்த்தால் இந்த மரத்தின் மனசு புரியும். பிரிட்டனில் இது காட்டுமரமாக இல்லை. ஆனால் ஐரிஷ் கடலைத் தாண்டி, கெர்ரி மாவட்டத்தில், மக்ரோஸ் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை மேலும் ஏரித் தீவுகளிலும் தானாக வளர்கிறது. கொட்டும் மழை ஊர் அது. ஆக, மழை இதற்குப் பகையல்ல, தேங்கும் தண்ணீர்தான் பகை. பாறை இடுக்கில் விழுந்த தண்ணீர் உடனே ஓடிவிடுகிறது. அதே குடும்பத்து ரோடோடென்ட்ரான் சுண்ணாம்பைக் கண்டால் மஞ்சளாகிவிடும், இது அந்தப் பாறை மேலேயே நிற்கிறது. அதனால் நிலத்தில் நடும்போது அமில மண் கலவை மூட்டைகளை வாங்கிக் கொட்ட வேண்டிய அவசியம் இல்லை.

நம் ஊரில் மாமரத்துக்கும் தென்னைக்கும் 3 அடிக் குழி வெட்டி, எருவும் செம்மண்ணும் நிரப்பி நட்டுப் பழகிய கை இங்கேயும் அதையே செய்யப் பார்க்கும். களிமண்ணில் அது ஆபத்து. ஆழக் குழி என்பது குளிர்காலத்தில் கிணறு. குழி வேர்க்கட்டின் ஆழம்தான் இருக்க வேண்டும், அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. தோண்டிய அதே மண்ணைத் திரும்பப் போடுங்கள். ரொம்பக் களியாக இருந்தால் நாலு விரற்கடை உயர்த்தி மேடாக நடுங்கள். மேலே இரண்டு மூன்று அங்குலம் இலைமட்கு மூடாக்குப் போடலாம், தண்டை ஒட்டிக் குவிக்காமல். எருவையும் தழைச்சத்து உரத்தையும் அள்ளிக் கொட்டினால் தளதளவென்று இளந்தளிர் வரும், முதல் உறைபனியில் அத்தனையும் கருகும்.

வெயில் நன்றாக விழும் இடம்தான் பழத்துக்கு நல்லது. அரைநிழலிலும் மரம் வாழும், பூ குறையும். கன்றாக இருக்கும்போது கிழக்கு, வடகிழக்குக் குளிர்காற்று நேராக அடிக்கக் கூடாது. இலையின் ஓரம் பழுப்பாகிக் கருகியிருந்தால் பெரும்பாலும் காற்றின் வேலைதான். முதல் இரண்டு குளிர்காலம் உறைபனி எச்சரிக்கை வரும் இரவுகளில் ஃப்ளீஸ் துணியால் போர்த்திவிடுங்கள். அப்புறம் தேவைப்படாது. கடற்கரைக் காற்றை மட்டும் வளர்ந்த மரம் நன்றாகத் தாங்கும். பிரைட்டன், பூல் பக்கம் இருப்பவர்கள் தைரியமாக வைக்கலாம்.

பாதைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் மேலே கிளை நீளும்படி நடாதீர்கள். உதிரும் பழம் நசுங்கி வழுக்கும், காரின் மேல் கறையும் விழும். ஒரே நாளில் உதிர்ந்து முடிந்தாலும் பரவாயில்லை, வாரக்கணக்கில் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

தொட்டியில் என்றால்

பிளாட்டில் இருப்பவர்களுக்கும் கான்கிரீட் போட்ட முற்றம் உள்ளவர்களுக்கும் காம்பாக்டா அல்லது எல்ஃபின் கிங். கடைசித் தொட்டி 45, 50 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும், ஆனால் சின்னக் கன்றை முதல் நாளே அதில் வைக்காமல் படிப்படியாக மாற்றுங்கள். மண்கலந்த கனமான கலவை, உதாரணமாக ஜான் இன்னெஸ் 3, நல்லது. கனம் இருந்தால்தான் காற்றில் சாயாது. தொட்டியின் அடியில் சிறு முட்டுக்கால்கள் வைத்து உயர்த்தி வடிகால் அடைக்காமல் பாருங்கள். நிலத்தில் நட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தண்ணீர். நிலத்து மரம் வேர் பிடித்தபின் வறட்சியைத் தாங்கும், தொட்டி மரம் ஜூலையில் ஒரு வாரம் காய்ந்தால் பிஞ்சை உதிர்த்துவிடும். அதோடு அந்த வருடப் பழம் போச்சு. குளிர்காலத்தில் தொட்டியின் வேர் நான்கு பக்கமும் உறையும் என்பதால் வீட்டுச் சுவரோரம் நகர்த்தி, தொட்டியைச் சாக்கால் சுற்றுங்கள்.

கவாத்து பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காய்ந்ததையும் குறுக்கே போவதையும் வசந்தக் கடைசியில், உறைபனி போனபின், வெட்டினால் போதும். தண்டைக் காட்ட வேண்டுமானால் கீழ்க்கிளைகளை வருடத்துக்கு ஒன்றிரண்டாக நீக்குங்கள். கட்டுமீறி வளர்ந்த பழைய மரத்தை அடியோடு வெட்டினாலும் தளிர்த்து வரும். காட்டுத்தீ அடிக்கடி வரும் நாட்டு மரம் என்பதால் மண்ணோரத்தில் அதற்கென்றே ஒரு கட்டை உண்டு, அதிலிருந்து துளிர்க்கும். பூச்சியும் நோயும் பெரிதாக இல்லை. ஈரமான வருடங்களில் இலையில் ஊதா விளிம்போடு புள்ளி விழும். உதிர்ந்த இலையைக் கூட்டி எடுத்துவிட்டால் போதும், மருந்து அடிக்க வேண்டியதில்லை. பழைய இலை கோடையில் கொஞ்சம் மஞ்சளாகி உதிர்வது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரைக் கூட்டாதீர்கள்.

வாங்கும் நேரம் ஒன்று பாக்கி. பூவும் காயும் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க அக்டோபர், நவம்பர்தான் சரியான மாதங்கள், கடையிலும் அப்போதுதான் நிறையக் கன்றுகள் இருக்கும். லண்டன், தென்கடற்கரை என்றால் அக்டோபரிலேயே, மண்ணில் சூடு இருக்கும்போது நட்டுவிடலாம். மிட்லண்ட்ஸும் அதற்கு மேலேயும் என்றால், வாங்கிய தொட்டியோடு தெற்குப் பார்த்த சுவரோரம் குளிர்காலத்தைக் கழிக்கவிட்டு, ஏப்ரலில் நடுங்கள். எடுக்கும்போது கன்றைத் தொட்டியிலிருந்து மெல்ல உருவிப் பாருங்கள். வேர் வட்டவட்டமாகச் சுற்றிக் கெட்டியாகியிருந்தால், தள்ளுபடி கொடுத்தாலும் பக்கத்தில் இருக்கும் சின்னதை எடுங்கள்.